ஏழையர் இல்லத்துத் தாதி

ஆஸ்பத்திரித் தாதியை நீங்கள் அறிவீர்கள். நூறாண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில், ஏழையர் இல்லத்தில் பணியாற்றிய தாதியின் பாட்டைச் சற்றுக் கேளுங்கள்.

1834ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் நாடெங்கும் எழுந்தவை, 'ஒர்க்ஹவுஸ்' எனப்பட்ட அந்த இல்லங்கள். கதியற்றவருக்கு அங்கே சோறு உண்டு. ஆனால், கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். உடலில் தெம்புள்ளவர் உழைத்தே ஆகவேண்டும். அங்கே போவதையே மக்கள் பெரும் அவமானமாக எண்ணினார்கள்.

முன்பெல்லாம் நோயாளிகளைக் கவனித்தவர்கள், அங்கே அடைக்கலம் புகுந்த ஏழைப் பெண்களே. அவர்களைத் தாதிகளாக வைக்கக் கூடாதென 1897இல் அரசு உத்தரவிட்டது. சம்பளத் தாதிகள் வந்தார்கள். சிற்றூர்களில் ஒருவர் அல்லது இருவர்தாம்! படுத்த படுக்கையான முதியவர்களைத் துடைப்பது, புண்ணுக்குக் கட்டுவது, பிரசவத்திற்கு உதவுவது, இரவில் கண்விழிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அதிகாரம் செய்யும் மேட்ரனோ, பெரும்பாலும் இல்லத் தலைவரின் மனைவி. தாதிப் பயிற்சி இல்லாதவர் பலர்.

அங்கே பிறந்த குழந்தையின் பிறப்புப் பத்திரத்தில், 1904 முதல் இல்லத்தின் பெயரை எழுதாமல் சாதாரண முகவரியை மட்டும் எழுதினார்கள். பிள்ளை நாளைக்குத் தலைகுனியக் கூடாதல்லவா?

1909இல் 70 வயதைக் கடந்த ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை ஓய்வூதியம் வந்தது. 1919இல் தாதியர் பதிவுச் சட்டம் பிறந்தது. 1930இல் ஏழையர் இல்ல முறை ஒழிந்தது. பல கட்டடங்கள் பின்னர் ஆஸ்பத்திரிகளாயின.

சட்டம் மாற நெடுங்காலம் ஆயிற்று. அதுவரை, ஊரார் ஒதுக்கியவரை முகம் சுளிக்காமல் தொட்டுத் தூக்கியவை அந்தத் தாதியரின் கைகளே. வறுமை குற்றமன்று; வறியவரை இழிவாக நினைப்பதே குற்றம். இதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போம்.