மனித பாப்பிலோமா வைரசும் கருப்பை வாய்ப் புற்றுநோயும்

மனித பாப்பிலோமா வைரசு என்பது தோலையும் சளிச்சவ்வையும் தொற்றும் டி.என்.ஏ வைரசு ஆகும். இதில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. சில வகைகள் மருக்களை உண்டாக்குகின்றன. பல வகைகள் தீங்கற்றவை. ஏறத்தாழ 14 வகைகள் புற்றுநோய் அபாயம் மிக்கவை. கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 விழுக்காட்டுக்கு 16, 18 ஆகிய இரு வகைகளே காரணம்.

பரவும் முறை

இவ்வைரசு பெரும்பாலும் பாலுறவின்போது தோலோடு தோல் படுவதால் பரவுகிறது. ஆணுறை அபாயத்தைக் குறைக்கும், முற்றிலும் தடுக்காது. இருமல், உணவு, இரத்தம் வழியாக இது பரவுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத சிறு சிராய்ப்பு வழியே நுழைந்து, மேற்படலத்தின் அடியடுக்குச் செல்களில் தங்குகிறது.

பெரும்பாலான தொற்றுகள் இரண்டு ஆண்டுகளுக்குள் தாமாகவே மறைந்துவிடும். நிலைத்துவிடும் தொற்றே ஆபத்தானது. அப்போது வைரசின் ஈ6, ஈ7 என்னும் புரதங்கள் செல் பெருக்கத்துக்குக் கடிவாளமிடும் புரதங்களை முடக்குகின்றன. தொற்று புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். இந்த நீண்ட இடைவெளியே நோயைத் தடுக்கக் கிடைக்கும் வாய்ப்பு.

திசுக்களில் கண்டறிதல்

இவ்வைரசைச் சாதாரண ஆய்வக வளர்ப்பில் பெருக்க இயலாது. எனவே அதன் டி.என்.ஏவையே திசுவில் தேட வேண்டியிருந்தது. செருமானிய அறிவியலாளர் ஹரால்ட் சுர் ஹவுசனின் குழு 1983-இல் 16-ஆம் வகையையும் அடுத்த ஆண்டு 18-ஆம் வகையையும் புற்றுத் திசுக்களில் கண்டறிந்தது. 1951-இல் எடுக்கப்பட்டு உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்ந்துவரும் ஹீலா செல்களிலும் 18-ஆம் வகை இருந்தது. இப்பணிக்காக அவர் 2008-இல் நோபல் பரிசு பெற்றார்.

இன்று கருப்பை வாயிலிருந்து துடைத்தெடுத்த செல்களில் பி.சி.ஆர் முதலிய முறைகளால் வைரசு தேடப்படுகிறது. தொற்று இருப்பதாலேயே புற்றுநோய் என்று பொருளல்ல. அதைத் திசுப் பரிசோதனையே உறுதிசெய்யும். தொற்று எப்போது, யாரிடமிருந்து வந்தது என்பதையும் இச்சோதனை கூறாது. ஆகவே முடிவை வைத்து ஒரு பெண்ணின் நடத்தையை ஐயுறுவது அறியாமை.

இந்திய ஆய்வுகள்

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயதுடைய பெண்களுக்கு எளிய சோதனை ஒன்று செய்யப்பட்டது. கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவினால், மாற்றமடைந்த பகுதி வெளுத்துத் தெரியும். சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊராட்சிகளில் நோய் 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன என 2007-இல் வெளியான முடிவு காட்டியது.

மகாராட்டிரத்தின் உசுமானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2009-இல் வெளிவந்தது. வைரசு டி.என்.ஏ சோதனையை ஒரே ஒருமுறை செய்ததே முற்றிய புற்றுநோயையும் இறப்பையும் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது.

தடுப்பு

தடுப்பூசி 2006 முதல் பயன்பாட்டில் உள்ளது. 2022-இல் இந்தியத் தயாரிப்பான செர்வாவாக் ஒப்புதல் பெற்றது. தொற்று ஏற்படும் முன், 9 முதல் 14 வயதுக்குள் போடுவதே சிறந்தது. ஏற்கெனவே உள்ள தொற்றை ஊசி நீக்காது. எல்லா வகைகளையும் தடுக்காது. ஆகவே ஊசி போட்டவர்களுக்கும் 30 வயதுக்குப் பின் பரிசோதனை தேவை. தொடக்க நிலை மாற்றங்களுக்கு வலியோ வேறு அறிகுறியோ இராது என்பதால், நலமாக இருக்கும்போதே சோதித்துக்கொள்ள வேண்டும்.