பதிவேட்டில் ஒரு வாழ்வு

மன்னர்களின் வரலாற்றைப் பொறித்து வைக்கப் புலவரும் கல்தச்சரும் இருந்தனர். அவர்கள் வென்ற போர்களும் அளித்த கொடைகளும் கல்லிலும் செம்பிலும் நிலைபெற்றன. ஆனால், விடியற்காலையில் கடைக் கதவைத் திறந்து, தேயிலையும் சர்க்கரையும் நிறுத்து விற்று, இரவில் விளக்கை அணைத்துவிட்டு உறங்கச் சென்ற சிறு வணிகரின் வரலாற்றை எழுத யார் இருந்தனர்? அவர் வாழ்ந்தார், உழைத்தார், மறைந்தார். நான்கு தலைமுறை கடந்தபின் சொந்தக் குடும்பத்தாரே அவர் பெயரை மறந்துவிடுவது உலக இயற்கை.

எனினும், விக்டோரியா அரசியார் ஆட்சி புரிந்த 1837 முதல் 1901 வரையிலான காலத்தில் இங்கிலாந்தில் வாழ்ந்த எளிய கடைக்காரர் ஒருவரின் வாழ்வை இன்றும் ஓரளவு தெளிவாக அறிய இயலும். அதற்குத் துணை செய்பவை அவர் புகழைப் பாட எழுந்த நூல்கள் அல்ல. அரசாங்கம் தன் தேவைக்காகத் தொகுத்த இருவகை ஏடுகளே. ஒன்று திருமணப் பதிவேடு. மற்றொன்று மக்கள் தொகைக் கணக்கேடு. தம் முன்னோரைத் தேடும் ஆங்கிலேயர் பலர் இவ்விரண்டையும் கைவிளக்காகக் கொண்டே சென்ற காலத்தின் இருளில் நடக்கின்றனர்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கிப் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய மூன்றையும் அரசு பதிவு செய்யும் முறை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை அந்தந்தத் திருச்சபை வட்டத்துத் தேவாலயங்களே தம் ஏடுகளில் குறித்து வந்தன. புதிய முறையின்படி, திருமணப் பதிவேட்டில் மணமக்களின் பெயர், வயது, முன்பு மணமானவரா என்னும் நிலை, தொழில், தங்கியிருந்த இடம் ஆகியவை எழுதப்பட்டன. இருவருடைய தந்தையர் பெயரும் தொழிலும் அவற்றோடு சேர்க்கப்பட்டன. இறுதியில் மணமக்களும் சாட்சிகளும் ஒப்பமிட்டனர். எழுத்தறியாதவர் பெருக்கல் குறி போன்ற அடையாளம் ஒன்றை இட்டனர். இப்பதிவின் படி ஒன்று லண்டனிலிருந்த தலைமைப் பதிவாளர் அலுவலகத்திற்கு அனுப்பப்பட்டது.

ஒரே பக்கத்தில் அமைந்த இச்சிறு குறிப்பு இரண்டு தலைமுறைகளை இணைத்துவிடுகிறது. மணமகன் மளிகைக் கடைக்காரர் என்றும், அவர் தந்தை உழவுத் தொழிலாளி என்றும் எழுதப்பட்டிருப்பின், ஒரு குடும்பம் வயலை விட்டுக் கடைத்தெருவை அடைந்த கதை அவ்விரு சொற்களில் அடங்கியிருக்கிறது. மணமகன் தெளிவாகக் கையொப்பமிட்டிருக்க, மணமகள் அடையாளக் குறி இட்டிருப்பின், அக்காலத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் கல்வி கிடைத்த அளவு கண்முன் தோன்றுகிறது.

ஆயினும், இப்பதிவேடு கூறாதவையும் உண்டு. வயதைக் குறிக்க வேண்டிய இடத்தில் பல வேளைகளில் ‘நிறைவயதினர்’ என்று மட்டுமே எழுதினர். அதன் பொருள், அவர் இருபத்தொரு வயது நிரம்பியவர் என்பதே. முப்பது வயதினருக்கும் ஐம்பது வயதினருக்கும் அச்சொல் பொருந்தும். தாயின் பெயருக்கோ அப்பதிவில் இடமே இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021ஆம் ஆண்டு மே மாதத்திலேதான் தாயின் பெயரையும் திருமணப் பதிவில் சேர்க்கும் முறை வந்தது. நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெற்றெடுத்த தாய் அந்த ஏட்டின் புறத்தே நின்றாள் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

திருமணப் பதிவேடு வாழ்வின் ஒரு நாளைக் காட்டுகிறது. மக்கள் தொகைக் கணக்கேடோ, பத்தாண்டுக்கு ஒரு முறை ஓர் இரவைக் காட்டுகிறது. இங்கிலாந்தில் 1801ஆம் ஆண்டு முதல் மக்கள் தொகை கணக்கிடப்பட்டு வந்தபோதிலும், நாடு முழுவதும் ஒவ்வொருவர் பெயரையும் வீடு தோறும் எழுதித் தொகுத்த முதல் கணக்கு 1841ஆம் ஆண்டினதே. அதில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதுமாறு பணித்திருந்தனர். ஆதலின் இருபத்தொன்பது வயதினர் இருபத்தைந்து வயதினராகக் காட்சி தருவார். 1851ஆம் ஆண்டிலோ கணக்கு விரிந்தது. குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு, மணமானவரா, வயது என்ன, தொழில் யாது, எந்த ஊரில் பிறந்தவர் என்பனவெல்லாம் அதில் இடம் பெற்றன.

கணக்கெடுக்கும் முறையும் அறியத் தக்கது. குறித்த இரவுக்குச் சில நாள் முன்னதாக ஊழியர் வீடு வீடாகச் சென்று படிவங்களைக் கொடுப்பார். அவ்விரவு அவ்வீட்டில் தங்கியோர் அனைவரையும் குடும்பத் தலைவர் அதில் எழுத வேண்டும். மறுநாள் ஊழியர் வந்து படிவத்தைப் பெற்றுக்கொள்வார். எழுத இயலாதவர்க்குத் தாமே எழுதித் தருவார். பின்னர் அவற்றையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் படியெடுப்பார். அக்காலத்து வீட்டுப் படிவங்கள் பின்னர் அழிக்கப்பட்டன. படியெடுத்த குறிப்பேடுகளே இன்று லண்டனில் கியூ என்னுமிடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் காக்கப்படுகின்றன. பெயரைத் தவறாகக் கேட்டதும், வயதைத் தவறாகச் சொன்னதும், படியெடுக்கையில் கை பிழைத்ததும் ஆகிய எல்லாம் அவற்றிலும் தங்கிவிட்டன. மக்கள் தந்த செய்திகளின் மறை காக்கும் பொருட்டுப் பொதுவாக நூறு ஆண்டுகள் வரை இக்கணக்குகள் பொதுமக்கள் பார்வைக்கு வருவதில்லை. 1921ஆம் ஆண்டுக் கணக்கு 2022ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியாயிற்று.

இவ்வேடுகளைக் கொண்டு முன்னோரைத் தேடுவோர், அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்ல வேண்டும். அஃதாவது, அண்மைக் காலத்திலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். 1857இல் பிறந்த ஒருவரின் பிறப்புப் பதிவு கிடைத்தது என்று கொள்வோர்க்கு, அதில் தந்தை மளிகைக் கடைக்காரர் என்னும் செய்தியும், தாயின் திருமணத்திற்கு முந்தைய குடும்பப் பெயரும் கிடைக்கும். அப்பெயரைத் துணையாகக் கொண்டு பெற்றோரின் திருமணப் பதிவைக் காணலாம். பிறகு, கணக்கேடுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து பார்த்தால் கடைக்காரரின் வாழ்வு படிப்படியாகத் துலங்கும்.

அக்காலக் கடைக்காரர் பலர் கீழ்த்தளத்தில் கடையும் மேல்தளத்தில் குடும்பமுமாக வாழ்ந்தனர். கடைச் சிப்பந்திகளும் தொழில் பயிலும் சிறுவரும் முதலாளியின் வீட்டிலேயே உண்டு உறங்கினர். ஆதலின், வீட்டின் கணக்கே கடையின் கணக்காகவும் விளங்குகிறது. 1851ஆம் ஆண்டில் வேறொருவர் வீட்டில், மணமாகாத கடைச் சிப்பந்தியாக இருந்தவர், 1861இல் தாமே குடும்பத் தலைவராகவும் கடை முதலாளியாகவும் இருப்பதைக் காணலாம். ஆள் வைத்துத் தொழில் நடத்துவோர் ஆட்களின் எண்ணிக்கையையும் குறிக்குமாறு கேட்கப்பட்டனர். ‘ஓர் ஆளும் ஒரு சிறுவனும்’ என்று அவர் பெருமையோடு எழுதியிருக்கக் கூடும். மூத்த பிள்ளைகள் இருவர் ஓரூரிலும் இளைய பிள்ளை மற்றோரூரிலும் பிறந்ததாக இருப்பின், குடும்பம் எப்போது இடம் பெயர்ந்தது என்பதைப் பிள்ளைகளின் வயதே கூறிவிடும்.

அதே வீட்டில் மனைவியின் தங்கையும் தங்கியிருக்கலாம். பத்தாண்டு கடந்து, 1871ஆம் ஆண்டுக் கணக்கில் மனைவியின் பெயர் மாறி, அத்தங்கையின் பெயரே ‘மனைவி’ என்னும் சொல்லுக்கு நேராக இருப்பின், தேடுவோர் திகைப்பர். இங்கே சட்ட அறிவு துணைக்கு வரவேண்டும். இறந்த மனைவியின் தங்கையையோ தமக்கையையோ மணப்பது செல்லாது என 1835ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1907ஆம் ஆண்டிலேதான் அத்தடை நீங்கியது. ஆகவே, தாயற்ற குழந்தைகளைப் பேணிய சிற்றன்னையை மணக்க விரும்பியவர், தம்மை அறியாத வேற்றூருக்குச் சென்று மணம் புரிந்துகொள்வதும் உண்டு. முதல் மனைவியின் இறப்புப் பதிவையும், தொலைவிலுள்ள நகரின் திருமணப் பதிவையும் தேடிக் கண்ட பின்னரே உண்மை விளங்கும். அதற்கு முன் முன்னோரைக் குற்றவாளி என்று கூறுவதும் தவறு. குறையற்றவர் என்று கூறுவதும் தவறு.

பெயர் ஒன்றாயிருத்தல் மட்டும் சான்றாகாது என்பதும் மறக்கத் தகாதது. ஒரே நகரில் ஒரே பெயருடன், ஒரே வயதில், ஒரே தொழிலில் இருவர் இருத்தல் கூடும். பிறந்த ஊர், தந்தையின் பெயர், மனைவியின் பெயர், தெருவின் பெயர் எனப் பல செய்திகள் ஒத்துவந்தாலன்றி உறவு கொண்டாடுதல் பொருந்தாது. இதில் அவசரப்பட்டவர், தமக்கு எவ்வுறவும் இல்லாத ஒருவரைப் பாட்டனாக ஏற்று, உண்மையான பாட்டனை இருளிலேயே விட்டுவிடுவர். வணிகர் பெயர்களைத் தொகுத்து ஊர்தோறும் வெளியான தொழில் விவரத் தொகுதிகளும், 1858ஆம் ஆண்டு முதல் ஒருமுகமாகத் தொகுக்கப்பட்ட உயில் பட்டியல்களும், நொடித்துப்போன வணிகர் பற்றி அரசிதழில் வந்த அறிவிப்புகளும் இங்கு உரைகல்லாகப் பயன்படும்.

இவ்வளவு சான்றுகள் இருந்தும் ஏடுகள் முழு வாழ்வையும் காட்டிவிடுமா என்றால், காட்டா. இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு ஜோசப் வெல்ஸ் என்பவரின் வாழ்வு. ‘கால இயந்திரம்’ என்னும் கதையால் உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸின் தந்தை அவர். 1853ஆம் ஆண்டு சாரா என்னும் பெண்ணை மணந்த அவர், 1855இல் கெண்ட் மாவட்டத்துப் புரோம்லி என்னும் ஊரில் பீங்கானும் கண்ணாடியும் விற்கும் கடையை ஏற்றார். கடையில் வருவாய் குறைவு. அவரோ கிரிக்கெட் ஆட்டத்தில் வல்லவர். 1862இல் சஸ்ஸெக்ஸ் அணியை எதிர்த்து ஆடியபோது அடுத்தடுத்த நான்கு பந்துகளில் நால்வரை வெளியேற்றினார். ஆட்டத்தாலும் ஆட்டக் கருவிகளின் விற்பனையாலும் கிடைத்த பணம் குடும்பத்தைத் தாங்கியது. 1877இல் அவர் கால் முறிந்தது, ஆட்டம் நின்றது, வறுமை சூழ்ந்தது. 1880இல் மனைவி சாரா, தாம் மணத்திற்கு முன் பணிப்பெண்ணாக இருந்த அப்பார்க் மாளிகைக்கே வீட்டு மேற்பார்வையாளராகச் சென்றார். கணவரோ புரோம்லிக் கடையிலேயே தங்கினார்.

இந்நிலையில், 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இரவில் அவ்விருவரையும் ஒரே கூரையின்கீழ்த் தேடுவதால் பயன் என்ன? ஏடுகளை மட்டும் காண்போர், இத்தம்பதியர் பகை கொண்டு பிரிந்தனர் என்று எளிதில் முடிவு செய்துவிடக் கூடும். பிரித்தது பகையன்று, வறுமையே என்பதை அவர்தம் மகன் 1934இல் எழுதிய தன்வரலாறு விளக்குகிறது. ‘கடைக்காரர்’ என்னும் ஒரு சொல், இழப்பில் நடந்த கடையையும் காட்டாது. பந்து வீசிய கையையும் காட்டாது. குடும்பத்திற்காகப் பணிக்குச் சென்ற மனைவியின் துணிவையும் காட்டாது.

பெண்களின் உழைப்பை மறைப்பது கணக்கேடுகளின் பொதுக் குறை எனலாம். கணவருடன் கடையில் நின்று விற்றவள், கணக்கெழுதியவள், கடன் தண்டியவள் பெயருக்கு நேரே தொழில் என்னும் இடம் பல ஏடுகளில் வெறுமையாகவே கிடக்கிறது. கணவர் இறந்த பின் வரும் கணக்கில் அவளே ‘மளிகைக் கடைக்காரர்’ எனத் திடீரெனத் தோன்றுவாள். ஒரே இரவில் அவள் அத்தொழிலைக் கற்றுக்கொண்டாள் என்று எவரும் நம்பார். முந்தைய ஏடுகளின் வெற்றிடத்தில் அவளுடைய பல்லாண்டு உழைப்பு மறைந்து கிடக்கிறது.

ஆதலின், பழைய ஏடுகளை ஆராய்வோர்க்கு மூன்று பண்புகள் வேண்டும். எழுதியிருப்பதை உள்ளவாறு படிக்கும் பொறுமை வேண்டும். ஒரு சான்றை மற்றொரு சான்றோடு ஒப்பிடும் அறிவு வேண்டும். எழுதப்படாததையும் உணர்ந்து, அதனைக் கற்பனையால் நிரப்பாத நேர்மை வேண்டும். இம்மூன்றும் உடையார்க்கு, மங்கிய மையில் எழுதிய ஒரு வரியும் பேசும். அரியணை ஏறாத, போர் புரியாத ஒருவர் இன்ன தெருவில் இன்ன கடை வைத்து, இத்தனை பிள்ளைகளை வளர்த்து, உழைத்து வாழ்ந்தார் என்று அது சான்று பகரும். ஒரு நாட்டின் வரலாறு அத்தகைய வாழ்வுகளால் ஆயதே.