சிமிட்டாத திரை

மைசூர் அரண்மனையின் தசரா விளக்குகளைப் பார்த்திருக்கிறீர்களா? ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள்! குண்டு பல்பின் ஒளி துடிப்பது நமக்குத் தெரியாது. ஏன்? மின்சாரம் ஏறி இறங்கினாலும் பல்பின் உள்ளே இருக்கும் கம்பி உடனே ஆறாது.

வீட்டில் பிள்ளைகள் படிக்கும் பழைய கம்ப்யூட்டரின் பெட்டித் திரை அப்படி அல்ல. அதில் நொடிக்கு 60 முறை படம் வரையப்படும். வரைந்த இடம் உடனே மங்கும். மீண்டும் வரைந்தால்தான் ஒளிரும். இதுதான் சிமிட்டல். வெகுநேரம் பார்த்தால் கண் களைக்கும். தலை வலிக்கும்.

தட்டைத் திரையில் அடுத்த படம் வரும்வரை முதல் படம் அப்படியே நிற்கும். ஆகவே திரையை மட்டும் மாற்றினால் போதும். கம்ப்யூட்டரை மாற்ற வேண்டாம். பணம் கொடுக்கும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, ஒயர் செருகும் இடம். பழைய கம்ப்யூட்டரில் பெரும்பாலும் 15 ஓட்டைகள் உள்ள வி.ஜி.ஏ. இருக்கும். திரையிலும் அதுவே இருந்தால் நல்லது. எச்.டி.எம்.ஐ. மட்டும் இருந்தால் இடையே ஒரு மாற்றுக் கருவி வேண்டும். வெறும் ஒயர் போதாது.

இரண்டு, திரையின் உள்விளக்கு. வெளிச்சத்தைக் குறைத்தால், சில திரைகளில் இந்த விளக்கு மிக வேகமாக அணைந்து அணைந்து எரியும். அது நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் சிலருக்குத் தலை வலிக்கும். கடையிலேயே சோதிக்கலாம். திரை முழுவதும் வெள்ளையாக வைக்கச் சொல்லுங்கள். வெளிச்சத்தைக் குறையுங்கள். செல்போன் கேமரா வழியாகப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றனவா? வேறு திரை கேளுங்கள்.

கேட்டு வாங்க வெட்கம் வேண்டாம். காசும் உங்களுடையது. கண்ணும் உங்களுடையது.