தேர்தல் அறிக்கையைப் பேரேடு போலப் படிப்போம்

யாருக்கு வாக்களிப்பது என்பது அவரவர் விருப்பம். அதில் நாம் தலையிடப் போவதில்லை. ஆனால் ஒரு மூட்டை துவரம் பருப்பு வாங்கினாலும் எடையும் விலையும் பார்க்கிற வணிகர்களாகிய நாம், ஐந்தாண்டு ஆட்சிக்கான வாக்குறுதிகளைக் கணக்குப் பார்க்காமல் ஏற்கலாமா? வரி, செலவு பற்றிய வாக்குறுதிகளை மூன்று வகையில் உரசிப் பார்க்கலாம்.

முதலாவது, சொல்பவருக்கு அதிகாரம் உண்டா? 1-7-2017 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்களை மாநில அரசு தனித்து மாற்ற இயலாது. ஜி.எஸ்.டி. கவுன்சிலில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கும், எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கும் வாக்கு மதிப்பு உண்டு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். ஆகவே "சமையல் எண்ணெய்க்கு ஜி.எஸ்.டி.யை நீக்குவோம்" என்று சட்டமன்ற வேட்பாளர் சொன்னால், "கவுன்சிலில் வற்புறுத்துவோம்" என்றுதான் பொருள். பெட்ரோல், டீசல், மது ஆகியவற்றின் மீதான மாநில விற்பனை வரி, முத்திரைத் தீர்வை, வாகன வரி ஆகியவை மாநிலத்தின் கையில் உள்ளவை.

இரண்டாவது, மொத்தத் தொகை எவ்வளவு? 2021 தேர்தலில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ரூ.1,000 என்றது தி.மு.க.; ரூ.1,500 என்றது அ.தி.மு.க. ஒரு கோடிப் பேருக்கு என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு முன்னது ரூ.12,000 கோடி, பின்னது ரூ.18,000 கோடி. வித்தியாசம் ரூ.6,000 கோடி! வென்ற தி.மு.க. அரசு, 15-9-2023 அன்று சுமார் 1.06 கோடி மகளிருக்கு இதைத் தொடங்கியது. இதை வீண் செலவு என்று தள்ளிவிட முடியாது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி நம் மளிகைக் கடைக் கல்லாவுக்கும் வருகிறது.

வரிக் குறைப்பும் அரசுக்குச் செலவு போன்றதே. அதே தேர்தலில் பெட்ரோலுக்கு ரூ.5, டீசலுக்கு ரூ.4 குறைப்பதாக தி.மு.க. சொன்னது. 2021 ஆகஸ்ட் பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு ரூ.3 குறைந்தது. அதனாலேயே ஆண்டுக்கு ரூ.1,160 கோடி இழப்பு என்றார் நிதியமைச்சர். டீசல் குறைப்பு அந்தப் பட்ஜெட்டில் இடம்பெறவில்லை. தீபத்துக்கும் பௌர்ணமி கிரிவலத்துக்கும் லாரியில் சரக்கு இறக்கும் திருவண்ணாமலை வணிகர்களுக்கு, பெட்ரோலை விட டீசலே முக்கியம் அல்லவா?

மூன்றாவது, பணம் எங்கிருந்து வரும்? இலவசப் பொருட்கள் குறித்து தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில், 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிட்டது. அதன்படி, வாக்குறுதிக்கான நிதியை எவ்வழியில் திரட்டுவோம் என்பதைக் கட்சிகள் பொதுவாகவேனும் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால் வழிகள் மூன்றுதான்: வரி உயரும், வேறு செலவு குறையும், அல்லது கடன் ஏறும். கடனுக்கு வட்டி உண்டு என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைவீதிக்கு வாக்குக் கேட்டு வருகிற எல்லா வேட்பாளர்களிடமும், கட்சி பாராமல், இந்த மூன்று கேள்விகளையும் மரியாதையுடன் கேட்போம். பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிட்டுப் பார்த்து, பிறகு வாக்களிப்போம்.