‘ஆக்டிவ்’னு சொன்னா மட்டும் போதுமா? – பயோஅஸ்ஸே ஆன்டாலஜி

நண்பன் ஒருத்தன் “80 எடுத்துட்டேன்டா!”ன்னு மெசேஜ் போடுறான். நாம என்ன கேட்போம்? “எந்த சப்ஜெக்ட்? இன்டர்னலா, செமஸ்டரா? எத்தனைக்கு 80?” இதெல்லாம் தெரியாமல் அந்த 80-க்கு அர்த்தமே இல்லை. மருந்து ஆராய்ச்சியிலும் இதே சிக்கல் உண்டு.

மருந்து தேடும்போது லட்சக்கணக்கான வேதிப்பொருட்களை ரோபோக்கள் சோதிக்கும். ஒரு தட்டில் 384 அல்லது 1536 குட்டிக் குழிகள். இந்தச் சோதனைக்குப் பெயர்தான் அஸ்ஸே. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 2004-ல் தொடங்கிய பப்கெம் டேட்டாபேஸில் இப்படிப்பட்ட முடிவுகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

டேட்டாதான் இருக்கே, அப்புறம் என்ன பிரச்சனை? முடிவுகள் எண்களாக இருந்தாலும், சோதனையை எப்படிச் செய்தார்கள் என்பது பத்தி பத்தியாக எழுதப்பட்டிருந்தது. ஒரு லேப் ‘லூசிஃபெரேஸ் அஸ்ஸே’ன்னு எழுதும். இன்னொரு லேப் ‘ரிப்போர்ட்டர் ஜீன்’ன்னு எழுதும். மூன்றாவது ‘ஒளியை அளந்தோம்’னு முடித்துவிடும். படிக்கிற ஆளுக்குப் புரியும். கம்ப்யூட்டருக்கு?

இதில் என்ன நஷ்டம் என்று பார்ப்போம். லூசிஃபெரேஸ் என்பது மின்மினிப்பூச்சியை ஒளிர வைக்கும் என்சைம். செல்லுக்குள் ஒரு ஜீன் வேலை செய்கிறதா என்று பார்க்க, அந்த ஜீனின் ‘சுவிட்ச்’சோடு இதை இணைத்துவிடுவார்கள். வெளிச்சம் குறைந்தால், கொடுத்த வேதிப்பொருள் ஜீனை அடக்கிவிட்டது என்று கணக்கு. ஆனால் சில வேதிப்பொருட்கள் ஜீனைத் தொடுவதே இல்லை. நேராக லூசிஃபெரேஸையே தடுத்துவிடும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அப்படி ஒட்டிக்கொள்வதால் என்சைம் சிதையாமல் செல்லுக்குள் சேர்ந்து, வெளிச்சம் கூடவும் செய்யலாம்! எப்படிப் பார்த்தாலும் ரிசல்ட் ‘ஆக்டிவ்’தான். அதை நம்பி இறங்கினால் உழைப்பு வீண்.

ஒரு வேதிப்பொருள் பத்து அஸ்ஸேக்களில் ஆக்டிவ். பத்தும் வேறு வேறு நோய்கள், ஆனால் பத்திலும் லூசிஃபெரேஸ். இதைக் கம்ப்யூட்டரே கண்டுபிடித்துச் சொன்னால் எப்படி இருக்கும்? மயாமி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கி 2011-ல் வெளியிட்ட பயோஅஸ்ஸே ஆன்டாலஜி இந்த மாதிரி வேலைக்குத்தான்.

ஆன்டாலஜி வெறும் சொற்பட்டியல் இல்லை. ஒரு துறையின் கருத்துகளையும் அவற்றுக்கு இடையிலான உறவுகளையும் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி எழுதி வைப்பது. ஜாவாவில் கிளாஸ், இன்ஹெரிட்டன்ஸ் படித்தவர்களுக்குப் பாதி புரிந்திருக்கும். இது ஒவ்வொரு அஸ்ஸேயிடமும் ஆறு கேள்விகள் கேட்கிறது:

1. எதைக் கொடுத்தோம்? வேதிப்பொருளா, ஆர்.என்.ஏ.வா?
2. எதைக் குறிவைத்தோம்? ஒரு புரதமா, செல்லில் நடக்கும் ஒரு நிகழ்வா?
3. எந்தச் சூழலில்? பிரித்தெடுத்த புரதத்திலா, செல்லிலா, முழு உயிரியிலா?
4. எந்த உத்தியில்? உதாரணம்: ரிப்போர்ட்டர் ஜீன்.
5. எதை வைத்து அளந்தோம்? லூசிஃபெரேஸ் ஒளியா, ஃப்ளோரசன்ஸா?
6. விடை எந்த வடிவில்? தடுப்புச் சதவீதமா, செயல்பாட்டைப் பாதியாகக் குறைக்கும் அளவான ஐ.சி.50-ஆ?

ஏன் ஆறாகப் பிரிக்க வேண்டும்? ஒவ்வொன்றிலும் ஐந்து வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே மரத்தில் அடுக்கினால் 15,625 கிளாஸ் தேவைப்படும். தனித்தனியாக வைத்தால் 30 போதும், தேவைப்படும்போது சேர்த்துக்கொள்ளலாம். டிசைனின் சூட்சுமமே இதுதான்.

இதை எழுதும் மொழி ஓ.டபிள்யூ.எல். ‘லூசிஃபெரேஸ் பயன்படுத்தும் எல்லா அஸ்ஸேயும் ஒளியை அளப்பவை’ என்று ஒரு முறை விதி எழுதினால், மீதியை ரீசனர் என்ற மென்பொருள் தானே ஊகித்துக்கொள்ளும். உயிரிகளின் பெயர், அளவு அலகு போன்றவற்றுக்கு ஏற்கனவே இருக்கும் ஆன்டாலஜிகளையே எடுத்துக்கொள்ளலாம். புதுசா எழுத வேண்டாம்.

நீங்களும் முயற்சி செய்யலாம். ஸ்டான்ஃபோர்டின் ப்ரொட்டிஜே மென்பொருள் இலவசம். உங்க பிராஜெக்ட் சென்சார் டேட்டாவை எடுத்துக்கோங்க. ஆனா கிளாஸ் வரையறதுக்கு முன்னாடி, இந்த டேட்டாகிட்ட என்ன கேள்வி கேட்கப் போறோம்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. ஆன்டாலஜி அங்கேதான் ஆரம்பிக்குது.