மூன்று நாள் விடுப்பும் இருநூற்று முப்பது சொற்களும்

மலாக்காவில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் எனக்கு இது நான்காவது ஆண்டு. காலையில் கணினியைத் திறந்தால் அறுபது, எழுபது மின்னஞ்சல்கள் காத்திருக்கும். விடுப்பு, சம்பளச் சீட்டு, சீருடை, தொழிற்சாலை பேருந்து, ஓ.டி. கணக்கு என்று எல்லாம் அதில்தான் வரும். அவற்றை ஒவ்வொன்றாகப் படிப்பதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். மின்னஞ்சலுக்கு மேலேயே சுருக்கித் தரும் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் இரண்டு வரியில் சாரம் வரும். பதில் எழுத இன்னொரு பொத்தான். மதியச் சாப்பாட்டுக்கு முன் பெட்டி காலியாகிவிடும். நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியதே அப்படித்தான்.

அந்தக் கெட்டிக்காரத்தனத்தால் ஒரு பெண்ணுக்குக் காரணம் கோரும் கடிதம் போனது. அதைத் தட்டெழுதி அனுப்பியவள் நான்தான்.

அவர் உற்பத்திப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறார். ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு, இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம், அதோடு படிப்பு நின்றது. மலாய் சரளமாகப் பேசுவார். ஆங்கிலத்தில் எழுது என்றால் கை நடுங்கும். கணவருக்குச் சிறுநீரகக் கோளாறு. டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன் கையில் இரத்தக் குழாய்களை இணைக்கும் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். மருத்துவமனையில் தேதி கிடைத்துவிட்டது. சூப்பர்வைசரிடம் சொன்னபோது, “எச்.ஆருக்கு ஈமெயில் போடுங்க” என்று ஒரே பதில்.

அக்கா கேட்க நினைத்தது ஒரு வரிதான். “புதன், வியாழன், வெள்ளி மூணு நாள் லீவு வேணும், வீட்டுக்காரருக்குக் கையில ஆபரேஷன்.” அதை நான்காம் படிவம் படிக்கும் மகளிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளை தன் கைப்பேசியிலுள்ள ஏஐ செயலியில் அந்த வரியைப் போட்டு, மரியாதையான ஆங்கிலக் கடிதமாக மாற்றித் தரச் சொல்லியிருக்கிறது. செயலியும் தந்தது. நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன் என்று தொடங்கி, நிர்வாகம் இத்தனை ஆண்டுகள் அளித்த ஆதரவுக்கு நன்றி, நிறுவனத்தின் மீதுள்ள பற்று, குடும்பப் பொறுப்பையும் வேலையையும் சமநிலையில் வைத்திருக்கும் உறுதி என்று நான்கு பத்தி. பிறகு நான் எண்ணிப் பார்த்தேன்: ஏறத்தாழ 230 சொற்கள். தேதிகள் மூன்றாம் பத்தியின் நடுவில், ஒரு நீண்ட வாக்கியத்தின் வாலில் இருந்தன.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் பொத்தானை அழுத்தினேன். “ஊழியர் நிர்வாகத்திற்கு நன்றி தெரிவிக்கிறார், குடும்ப மருத்துவச் சூழல் குறித்துப் புரிந்துணர்வை வேண்டுகிறார்” என்பதுதான் எனக்கு வந்த சாரம். பாவம் என்று நினைத்து அடுத்த பொத்தானையும் அழுத்தினேன். உங்கள் சூழலைப் பகிர்ந்தமைக்கு நன்றி, இக்கட்டான நேரத்தில் நாங்கள் உங்களோடு இருக்கிறோம் என்று அழகான பதில் ஒன்று போனது.

அதைப் படித்த அக்கா, மகளை விட்டு அதையும் சுருக்கச் சொல்லியிருக்கிறார். நிர்வாகம் ஆதரவு தெரிவித்துள்ளது என்று வந்திருக்கிறது. விடுப்புக் கிடைத்துவிட்டது என்று எண்ணி மருத்துவமனைக்குப் போய்விட்டார். யாருமே எழுதாத, யாருமே படிக்காத இரண்டு கடிதங்கள் எங்களுக்கிடையே போய் வந்தன.

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் 15(2) என்று ஒரு பிரிவு இருக்கிறது. வேலைக்குப் போகும் பிள்ளைகள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. முன்அனுமதி இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாள்களுக்கு மேல் வராமல் இருந்தால், ஊழியர் ஒப்பந்தத்தை மீறியவராகக் கருதப்படுவார். ஆனால் நியாயமான காரணம் இருந்து, அதை முதலாளிக்குத் தெரிவித்திருந்தால், அல்லது தெரிவிக்க முயன்றிருந்தால், அப்படிக் கருதப்பட மாட்டார். அக்கா வராதது மூன்று நாள். வருகைப் பதிவில் மூன்று சிவப்புக் கட்டங்கள் விழுந்தன. திங்கட்கிழமை கடிதம் அவர் கைக்குப் போனது.

அன்று பிற்பகல் அவர் என் மேசைக்கு வந்தார். கையில் மின்னஞ்சலின் அச்சுப்படி. புத்தகக் கடையில் கொடுத்து எடுத்துவந்திருக்கிறார். “நீதானே தங்கச்சி பதில் போட்டே? இதுல தேதி போட்டிருக்கு பாரு.” குரலை உயர்த்தவில்லை. மூன்றாம் பத்தியின் அந்த வரிக்குக் கீழே மகள் பேனாவால் கோடு போட்டிருந்தாள். அந்தக் கடிதத்தை நான் முதல் தடவையாகப் படித்தது அப்போதுதான்.

காரணம் கோரும் கடிதம் மீட்டுக்கொள்ளப்பட்டது. மூன்று நாளும் விடுப்பாகப் பதிவாயின. ஆனால் அந்த மாதச் சம்பளக் கணக்கு முடிந்திருந்ததால் அவருடைய வருகைப் படி அடுத்த மாதம்தான் சேர்ந்தது. மருத்துவச் செலவு இருந்த வீட்டுக்கு அது சின்ன விஷயமில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல லா” என்றார். அந்தப் பரவாயில்லையில் எத்தனை பங்கு உண்மை என்று எனக்குத் தெரியவில்லை.

இது எங்கள் அலுவலகத்தில் மட்டும் நடப்பதில்லை. சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பர் 30. அடுத்த ஆண்டே ஜிமெயிலிலும் மைக்ரோசாப்டின் அலுவலக மென்பொருள்களிலும் கடிதம் எழுதித் தரும் வசதி வந்துவிட்டது. அதே 2023இல் டாம் ஃபிஷ்பர்ன் என்ற அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் ஒரு படம் வரைந்தார். ஒருவர் ஒற்றை வரிக் குறிப்பை ஏஐயிடம் கொடுத்து நீண்ட மின்னஞ்சலாக்குகிறார். மறுபக்கத்தில் இன்னொருவர் அந்த நீண்ட மின்னஞ்சலை ஏஐயிடம் கொடுத்து ஒற்றை வரியாக்குகிறார். பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

2025 செப்டம்பரில் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ ஓர் ஆய்வை வெளியிட்டது. அமெரிக்காவில் 1,150 முழுநேர ஊழியர்களிடம் கேட்டிருக்கிறார்கள். பார்க்க மினுமினுப்பாக, உள்ளே சரக்கில்லாத ஏஐ தயாரிப்பு ஒன்று கடந்த ஒரு மாதத்தில் தங்கள் கைக்கு வந்ததாக 40 விழுக்காட்டினர் சொன்னார்கள். ஒவ்வொன்றையும் சரிசெய்யச் சராசரியாக இரண்டு மணி நேரம் போயிற்றாம். அனுப்பியவர் மிச்சம்பிடித்த நேரத்தை வாங்கியவர் தன் கையிலிருந்து கட்டுகிறார்.

சுருக்கம் ஏன் தவறுகிறது? இந்த மென்பொருள், சொற்களின் வரிசையில் அடுத்து எது வரக்கூடும் என்று கணித்து எழுதுகிறது. அக்காவின் குடும்பம் அதற்குத் தெரியாது. 230 சொற்களில் 200 நன்றியும் பணிவுமாக இருந்தால், கடிதமே நன்றிக் கடிதம் என்று அது முடிவுகட்டுவதில் வியப்பில்லை. எப்போதும் தவறும் என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலும் சரியாகத்தான் வரும். பெரும்பாலும் சரியாக வருவதால்தான் நாம் மூலத்தைப் பார்ப்பதில்லை. 2024 டிசம்பரில் ஐபோனின் செய்திச் சுருக்கம், பிபிசி சொல்லாத ஒன்றை பிபிசி பெயரில் காட்டியது: கொலைக் குற்றம் சாட்டப்பட்டிருந்த ஒருவர் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார் என்று. அவர் உயிரோடு சிறையில் இருந்தார். பிபிசி புகார் செய்தது. அடுத்த மாதம் ஆப்பிள் செய்திகளுக்கான அந்த வசதியை நிறுத்திவைத்தது.

இதை வீட்டில் சொன்னபோது அப்பா கேட்டது வேறு. “அந்தப் பொண்ணு ஏன் நேரா உன்கிட்ட வந்து சொல்லல?”

எங்கள் தாத்தா புக்கிட் அசகான் பக்கம் மரம் சீவியவர். தான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தைத் தொடங்கி, பின்னர் புக்கிட் அசகானில் பெரிய அளவில் விரிவாக்கிய மண் அது. விடியுமுன் பெரட்டில் நின்று, பெயர் கூப்பிடும்போதே விடுப்புக் கேட்க வேண்டும் என்பார் அப்பா. கிராணி முகத்தைப் பார்த்தே பதில் தெரிந்துவிடுமாம். ஊருக்குக் கடிதம் போடத் தமிழ்ப்பள்ளி வாத்தியார்தான் துணை. நலம், நலமறிய ஆவல் என்று அதிலும் முன்னுரை உண்டு, அலங்காரம் புதிதல்ல. ஆனால் எழுதி முடித்ததும் வாத்தியார் உரக்கப் படித்துக் காட்டுவார். “அரிசிக்குப் பணம் அனுப்புறத முதல்ல போடுங்க சார்” என்று தாத்தா மாற்றச் சொல்வாராம்.

பெரட்டு நல்ல காலம் என்று நான் சொல்லவில்லை. கிராணிக்கு மனமில்லையென்றால் கேட்டதற்குச் சாட்சியே இருக்காது. அக்காவைக் காப்பாற்றியதும் அந்த 230 சொல் மின்னஞ்சல்தான். அதில் நாளும் நேரமும் பதிவாகியிருந்தன. எழுத்தில் கேட்பது நம்மவர்களுக்குப் பாதுகாப்பு.

அதனால் ஏஐயைத் தொடாதே என்று தம்பி தங்கைகளிடம் சொல்ல எனக்கு வாய் வராது. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போய், எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறித் தேறி, பிறகு ஆங்கிலத்திலேயே இயங்கும் அலுவலகத்தில் உட்கார்ந்தவள் நான். முதல் ஆண்டில் ஒரு மின்னஞ்சல் எழுத அரை மணி நேரம் ஆகும். நீளமாக எழுதினால்தான் படித்தவள் என்று நினைப்பார்கள் என்ற பயம் எனக்கும் இருந்தது. அந்தப் பயத்துக்குத்தான் நாம் நான்கு பத்தி போர்வை போர்த்துகிறோம். உண்மையில் மேலாளர்கள் யாரும் அந்தப் போர்வையை மதிப்பதில்லை. எங்கள் மேலாளர் எழுதும் மின்னஞ்சல்களில் பாதிக்கு முற்றுப்புள்ளிகூட இருக்காது.

நான் இப்போது செய்வது இவ்வளவுதான். எனக்கு வேண்டியதை முதல் வரியில் எழுதுகிறேன்: என்ன வேண்டும், எந்தத் தேதி, எதற்கு. பிறகு ஏஐயிடம், இலக்கணப் பிழையை மட்டும் திருத்து, புதிதாக எதையும் சேர்க்காதே என்று சொல்கிறேன். சொல்லாவிட்டால் அது வளர்த்துக்கொண்டே போகும். வந்ததை வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறேன். நான் பேசாத சொல் இருந்தால் எடுத்துவிடுகிறேன். மொத்த அறிக்கைகள், விளம்பரங்கள், பயிற்சி அழைப்புகளுக்குச் சுருக்கப் பொத்தான் போதும். ஒரு மனிதரின் பெயரில் வருவதை முழுதாகப் படிக்கிறேன். மதியத்துக்குள் பெட்டி காலியாவதில்லை, மூன்று மணியாகிறது. ஒருமுறை அதற்காகக் கேள்வியும் வந்தது.

இன்னொன்று. உடல்நலத் தகவல் என்பது 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி நுண்ணுணர்வுத் தரவு. அப்பாவின் நோய் விவரத்தையும் அடையாள அட்டை எண்ணையும் இலவசச் செயலியில் ஒட்டிக் கடிதம் எழுதித் தரச் சொல்லாதீர்கள். பெயர், எண், நோய் ஆகியவற்றை விட்டுவிட்டு எழுதவையுங்கள். கடைசியில் நீங்களே நிரப்பிக்கொள்ளலாம்.

அக்காவின் மகளை ஒருநாள் தொழிற்சாலை வாசலில் பார்த்தேன். தன்னால்தான் அம்மாவுக்குக் கடிதம் வந்தது என்று இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். உன் கடிதத்தில் தேதி இருந்தது, படிக்காதது நான்தான் என்று சொன்னேன். தலையை ஆட்டினாள். அரை மணி நேரம் உணவகத்தில் உட்கார்ந்து, அம்மா சொல்வதை மூன்று வரியில் எழுதுவது எப்படி என்று இருவரும் போட்டுப் பார்த்தோம். என்னைவிட அவளுக்கு ஆங்கிலம் நன்றாகவே வருகிறது.

சென்ற வாரம் அக்காவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஆங்கிலமும் மலாயும் கலந்து, வணக்கம்கூட இல்லாமல்: வரும் செவ்வாய் கணவருக்குக் கிளினிக், அரை நாள் லீவு, இரண்டு மணிக்கு வேலைக்கு வந்துவிடுவேன். கீழே அவருடைய ஊழியர் எண்.

“சரி அக்கா, பதிந்துவிட்டேன்” என்று நானே தட்டெழுதி அனுப்பினேன்.