கணக்குக் கசக்கும் பிள்ளைக்கு எந்த நூல்?

அமெரிக்காவிலே பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாது வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோர் பலர் உளர். 1993ஆம் ஆண்டளவில் அந்நாட்டின் 50 மாநிலங்களிலும் இதற்குச் சட்டம் இடங்கொடுத்துவிட்டது. சரித்திரத்தையும் இலக்கியத்தையும் உவகையோடு கற்பிக்கும் இப்பெற்றோர், பிள்ளை பதினைந்தை எட்டியதும் கணிதத்தில் இடறுவதைக் காண்கிறோம். "இனிக் கணக்கு வேண்டாம்" என்று மகள் நூலை மூடிவிட்டால் யாரிடம் முறையிடுவது? தாயே அங்கு ஆசிரியை!

வழக்கமான ஒழுங்கு ஒன்றுண்டு: முதலில் அட்சரகணிதம், அடுத்துக் கேத்திரகணிதம், பின்னர் உயர் அட்சரகணிதம். இவ்வழியிற் செல்வோருக்கு, விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்ற ஜோன் சக்சன் எழுதிய நூல்கள் பெருந்துணை. நாளுக்கொரு சிறு பாடம். அதன்பின் பழையன யாவும் கலந்த நீண்ட பயிற்சி. மறதியுள்ள பிள்ளைக்கு இது நன்மருந்து. வெறுப்புள்ள பிள்ளைக்கோ கசப்பு இரட்டிக்கும்.

மாற்றுவழி தேடுவோர் கையில் அகப்படுவது, 1970இல் ஹரோல்ட் ஜேக்கப்ஸ் வெளியிட்ட 'கணிதம்: ஒரு மானிட முயற்சி' என்னும் பொருள்படும் நூல். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உயர்பாடசாலை ஆசிரியராயிருந்த அவர், இப்பாடம் தமக்குப் பிடிக்காதென எண்ணுவோர்க்கான நூல் இதுவென்று தலைப்பின் கீழேயே கூறிவிட்டார்.

நூல் பில்லியட் மேசையோடு தொடங்குகிறது. நேயர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கட்டத்தாளில் நீளம் 5, அகலம் 3 கட்டங்கள் கொண்ட செவ்வகம் வரைக. ஒரு மூலையிலிருந்து 45 பாகையிற் பந்தை உருட்டினால், அது ஓரங்களில் ஆறு முறை மோதி, 15 கட்டங்களையும் ஊடறுத்து எதிர்மூலையை அடையும். நீளம் 6, அகலம் 4 ஆயின் மூன்றே மோதல். கட்டங்களிற் பாதியைப் பந்து தீண்டுவதேயில்லை. ஏன்? 6ஐயும் 4ஐயும் 2 மீதியின்றி வகுக்கும். ஆகவே அது உண்மையில் 3க்கு 2 மேசையே. 5க்கும் 3க்கும் அத்தகைய பொதுக்காரணி இல்லை. இதனைப் பிள்ளை, ஒருவர் சொல்லிக்கொடாமல், நாலைந்து மேசை வரைந்து தானே கண்டுகொள்கிறது. எண்தொடர், சமச்சீர், நிகழ்தகவு, புள்ளிவிபரவியல் யாவும் பின்னால் வருவன.

ஆயினும் ஒன்றை மறைத்தல் தகாது. கலிபோர்னியா சர்வகலாசாலை தன் அனுமதிக்கு மூன்றாண்டுக் கணிதம் கேட்கிறது. மேற்கூறிய ஒழுங்கே அதன் உள்ளடக்கம். ஜேக்கப்ஸின் இந்நூல் அதற்கு ஈடாகாது. பொறியியலையோ மருத்துவத்தையோ நாடும் பிள்ளைக்கு இதனை ஓராண்டு முன்வாயிலாகவே நாம் கொள்வோம். அவ்வாண்டு வீணன்று, மூடிய நூலைப் பிள்ளை மீண்டும் திறந்துவிட்டதல்லவா? அதே ஆசிரியர் கேத்திரகணிதத்துக்கு 1974இலும் அட்சரகணிதத்துக்கு 1979இலும் எழுதிய நூல்களுக்கு அங்கிருந்து செல்லலாம்.

மும்மாதத்துக்கொரு நூல் மாற்றும் வீடுகளும் உள. அங்கே பிள்ளை எல்லா நூல்களிலும் முதலாம் அத்தியாயத்தில் மட்டும் விற்பன்னராகிவிடும்! வாங்குமுன் இரவல் பெற்று, ஒரு வாரம் பிள்ளையோடிருந்து பார்ப்பதே நன்று. ஆசிரியர் கைந்நூல் தனியாக உள்ளது. அதனையும் சேர்த்து வாங்குக.